பிள்ளை உடைத்தால் பெற்றோர் கட்ட வேண்டுமா? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை விட்டால் மஞ்சக்குப்பம் சந்துகளிலும் லாஸ்பேட்டை மனைப்பிரிவுகளிலும் ஒரே மாதிரிச் சண்டைதான். பந்து போய் யாருடைய கண்ணாடியையோ காரையோ பதம் பார்த்துவிட்டது, காசை யார் கொடுப்பது? இந்த விஷயத்தில் பொருந்துபவை பெரும்பாலும் மத்தியச் சட்டங்கள். அதனால் எல்லையில் இருக்கும் கன்னியக்கோயிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

என் பையன் அடித்த பந்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்துவிட்டது. அப்பா என்ற ஒரே காரணத்துக்காக நான் பணம் கட்டியே ஆக வேண்டுமா?

சட்டப்படி, அந்த ஒரு காரணம் போதாது. பிள்ளை செய்த சேதத்துக்கெல்லாம் பெற்றோரே பொறுப்பு என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. இப்படிப்பட்ட நஷ்டஈட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த பொதுச் சட்டக் கோட்பாடுகளைத்தான் பின்பற்றுகின்றன. அதன்படி பெற்றோர் மாட்டுவது இரண்டு விதத்தில். நீங்கள் சொல்லி, அல்லது உங்கள் வேலையாகப் போய், பிள்ளை அதைச் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் கவனக்குறைவே சேதத்துக்கு வழிவிட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். 1916இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. பதினைந்து வயதுப் பையனிடம் ஏர்கன் இருந்தது. அதனால் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் சேதமாகி, அப்பாவிடம் புகாரும் போயிருந்தது. அப்படியும் துப்பாக்கியைப் பையனிடமே விட்டுவைத்தார். பிறகு அதே துப்பாக்கியால் இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டபோது அப்பாதான் பொறுப்பு என்று தீர்ப்பானது. முன்பே தெரிந்திருந்தும் சும்மா இருந்தார் என்பதுதான் அவர் மேல் விழுந்த குற்றம்.

ஆனாலும் ஜன்னல் கண்ணாடி போன்ற சின்ன விஷயத்துக்கு, "சட்டத்தில் இல்லையே" என்று வாசலில் நின்று வாதாட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அன்றைக்கே போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கண்ணாடி மாற்றும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நாளைக் கடத்தினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண்ணாடி மறந்துபோகும், நீங்கள் எட்டிப் பார்க்காததுதான் மனதில் நிற்கும்.

கவனக்குறைவு என்று எதைப் பார்ப்பார்கள்?

பிள்ளையின் வயது, கையில் இருந்த பொருள், நடந்த இடம், முன்பு வந்த புகார் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை ரப்பர் பந்தோடு தெருவில் விளையாடுவதற்கு எந்த அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. அதே பிள்ளை கார்க் பாலை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கார் நிற்கும் சந்தில் விளையாடுவது தெரிந்தும், போன மாதம் ஒரு கண்ணாடி போனது தெரிந்தும், நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றால் கதை வேறு.

இங்கிலாந்திலேயே 1951இல் ஒரு கிரிக்கெட் வழக்கு. மைதானத்துக்கு வெளியே பறந்து வந்த பந்து சாலையில் நின்ற பெண்மேல் பட்டது. முப்பது ஆண்டுகளில் ஆறு முறைதான் பந்து அப்படிச் சாலைக்குப் போயிருக்கிறது என்பதால் கிளப்பின் மேல் தவறில்லை என்றது அந்நாட்டின் உச்ச மன்றம். எப்போதோ ஒருமுறை நடப்பதும், நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்ததும் ஒன்றல்ல.

நம் ஊரில் இந்தக் கணக்கு தீபாவளியன்று ரொம்பப் பொருந்தும். கீற்றுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை கையில் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தால், கொட்டகை எரிந்ததற்கு "குழந்தை தெரியாமல் செய்துவிட்டது" என்பது பதிலாகாது. வெடிக்க அனுமதித்த நேரத்துக்கு வெளியே கொளுத்தியது என்றால் உங்கள் நிலைமை இன்னும் பலவீனமாகும்.

என் பெண்ணுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டுக் காரில் கல்லால் கோடு போட்டுவிட்டாள். இது குற்றமா?

இல்லை. குற்றங்களுக்கான மத்தியச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவுப்படி ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, தான் செய்வது என்ன, அதன் விளைவு என்ன என்று புரியும் பக்குவம் அந்தக் குழந்தைக்கு இல்லையென்றால் அதுவும் குற்றமில்லை. இது 21ஆம் பிரிவு.

நஷ்டஈடு தனிக் கதை. ஐந்து வயதுக் குழந்தையிடம் யாரும் முன்யோசனையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த வயதில் குழந்தை பெரியவர்களின் பார்வையில் இருந்திருக்க வேண்டும் என்பதால் கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும். குழந்தை சின்னதாக இருக்க இருக்க அதன் பொறுப்பு குறையும், உங்கள் பொறுப்பு கூடும்.

பிள்ளை மேலேயே வழக்குப் போடலாமா?

போடலாம். பதினெட்டு நிறையாதவர் மேல் சிவில் வழக்கு வந்தால், அவர் சார்பில் நடத்த நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்கும். தீர்ப்பு எதிராக வந்தால் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்திலிருந்துதான் வசூலிக்க முடியும், காப்பாளரின் சொந்தப் பணத்திலிருந்து அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் பெயரில் சொத்து எதுவும் கிடையாது என்பதால் இப்படி வழக்குப் போடுபவர்கள் குறைவு.

பதினைந்து வயதுப் பையனைக் கூப்பிட்டு "பணம் தருகிறேன்" என்று எழுதி வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல், அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லி, இன்றுவரை நிற்கும் சட்டம்.

கார் முன்கண்ணாடி போய்விட்டது. கார்க்காரர் கேட்கும் தொகை ரொம்ப அதிகமாகத் தெரிகிறது. எது நியாயம்?

முதலில் கண்ணாடியை நன்றாகப் பாருங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடி பட்டால் நட்சத்திரம் போல விரிசல் ஓடும், கீழே கொட்டாது. பட்ட இடம் சின்னப் புள்ளியாக இருந்து விரிசல் ஓடாமலிருந்தால் பசை செலுத்திச் சரிசெய்யும் கடைகள் உண்டு. பக்கவாட்டுக் கண்ணாடி அப்படியில்லை. அது கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், மாற்றித்தான் ஆக வேண்டும். பெருக்கித் தள்ளுவதற்கு முன் இரண்டு பேரும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விரிசல் இருந்ததா என்ற சண்டை பிறகு வராது.

அடுத்து, கார்க்காரரின் இன்சூரன்ஸ். முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத்தான் பாதி கழிப்பார்கள். உரிமையாளர் கையிலிருந்து போவது கட்டாயக் கழிவுத் தொகை. 1500 சிசி வரையுள்ள காருக்கு அது 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆனால் ஒரு முறை கிளெய்ம் போட்டால் அவர் சேர்த்துவைத்த 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். அது முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், அவருக்கு 50 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அவருக்கு 4,000 ரூபாய் நஷ்டம்.

ஆகவே இரண்டு வழி. கண்ணாடிக் கடை பில்லை நீங்களே கட்டலாம். அல்லது அவர் கிளெய்ம் போடட்டும், கழிவுத் தொகையையும் போனஸ் நஷ்டத்தையும் நீங்கள் கொடுங்கள். எது குறைவோ அதைப் பேசி முடிக்கலாம். இன்சூரன்சிலும் வாங்கிக்கொண்டு உங்களிடமும் முழுத் தொகை கேட்பது நியாயமில்லை. பத்து வருடப் பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையைக் கேட்பதும் அப்படித்தான். பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆகும் செலவுதான் நஷ்டஈடு.

பணம் கொடுத்த பிறகும் திரும்பக் கேட்டால்?

அதற்குத்தான் ஒரு சீட்டு. வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் இப்படி எழுதி, தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்:

"இன்ன தேதி மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் முன்கண்ணாடி பந்து பட்டு உடைந்தது சம்பந்தமாக, இன்னாரிடமிருந்து ரூ. 5,500 முழுத் தொகையாகப் பெற்றுக்கொண்டேன். இந்தச் சேதம் குறித்து இனி எனக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை."

வாங்குபவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. பிள்ளையின் பெயரை எழுத வேண்டாம், பெற்றோர் பெயர் போதும். "தவறு எங்களுடையது" என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. ஜிபேயில் அனுப்பினால் குறிப்பில் 'கார் கண்ணாடி' என்று போடுங்கள். நல்ல மனிதர், சீட்டு கேட்டால் தப்பாக நினைப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல மனிதர்களுக்குள் உறவு கெடாமல் இருக்கவும் சீட்டு உதவும்.

போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார்கள். பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்களா?

தற்செயலாகப் பந்து பட்டு உடைந்தது போலீஸ் வழக்கே அல்ல. சொத்துக்குச் சேதம் விளைவிப்பது குற்றமாக வேண்டுமென்றால், வேண்டுமென்றே அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 324ஆம் பிரிவு சொல்வது அதைத்தான். வேண்டுமென்றே செய்தது என்றால் சேதத்தின் மதிப்பைப் பொறுத்துத் தண்டனை மாறும். 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை, ஒரு லட்சம் தொட்டால் ஐந்து ஆண்டு வரை. ஆனால் இதெல்லாம் பெரியவர்களுக்கான கணக்கு.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்தான். பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குழுமம் கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம். பிள்ளையோ பெற்றோரோ அபராதம் கட்ட உத்தரவிடவும் 18ஆம் பிரிவில் இடம் உண்டு. அந்த அபராதம் அரசுக்குப் போவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அல்ல.

ஸ்டேஷனில் உட்காரவைத்து "இவ்வளவு கொடுத்து முடித்துக்கொள்" என்று தொகை நிர்ணயிக்கப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. நஷ்டஈட்டை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. நீங்கள் இருவரும் மனமொத்துப் பேசி முடித்தால் அது வேறு.

இது பிற்காலத்தில் பையனின் வேலைக்குப் பாதிப்பாகுமா?

ஆகாது. சொத்துச் சேதம் போன்ற விஷயங்களில் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபணமானாலும் அது எந்தத் தகுதியிழப்புக்கும் காரணமாகக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. தெரு வாட்ஸ்அப் குழுவில் சிசிடிவி காட்சியைப் போட்டு "இந்தப் பையன்தான்" என்று பரப்புகிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள். கண்ணாடியை ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். ஒரு பிள்ளைக்குத் தெருவே வைத்த பெயர் அப்படிப் போகாது.

எதிர்வீட்டுக்காரர் பையனை அறைந்துவிட்டு சைக்கிளையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டுக்கும் அவருக்கு உரிமை இல்லை. கண்ணாடி உடைந்ததற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும், பிள்ளையை அடித்தது தனிக் குற்றம். பணம் வரும் வரை சைக்கிளைப் பிணையாக வைத்துக்கொள்ளவும் முடியாது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பதினாறு வயது மகன் என் ஸ்கூட்டரை எடுத்துப் போய் ஒரு கடையின் ஷட்டரில் மோதிவிட்டான்.

இங்கே மட்டும் சட்டம் நேராகப் பெற்றோரைத்தான் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்தான், தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் உங்கள் தலையில்தான். சாவி ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது என்றால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

பதினாறு வயதில் லைசென்ஸ் கிடைக்குமே என்பார்கள். அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை. 250 வாட்டுக்கும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான மின்சார வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அதில் மோதிச் சேதமானாலும் கவனக்குறைவுக் கேள்வி வரும்.

ஷட்டருக்கான நஷ்டஈட்டைக் கடைக்காரர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால், இன்சூரன்ஸ் கம்பெனி கடைக்காரருக்குக் கொடுத்தாலும் அதை உங்களிடமே திரும்ப வசூலிக்கப் பார்க்கும். ட்யூஷனுக்குப் போக வசதி என்று வண்டியைக் கொடுக்கும் பெற்றோர் நம் பகுதியில் நிறைய. கடலூர்–புதுச்சேரி சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைகள் போவதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஷட்டரோடு போனது என்று நினைத்து இன்றே சாவியைப் பூட்டி வையுங்கள்.

பள்ளியில் நடந்தால்?

பள்ளி நேரத்தில் கண்காணிக்கும் கடமை பள்ளியுடையது. இடைவேளையில் மைதானத்துப் பந்து வெளியே நின்ற காரில் பட்டால் கார்க்காரர் முதலில் கேட்க வேண்டியது பள்ளியைத்தான். பிள்ளை வேண்டுமென்றே பெஞ்சையோ கணினியையோ உடைத்தால் பள்ளி உங்களிடம் செலவு கேட்பது வழக்கம், நியாயமான தொகையைக் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் பணம் கட்டும் வரை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் அடிப்பதும் கூடாது. கட்டாயக் கல்விச் சட்டம் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

வில்லியனூரில் ஒரு சுடுமண் பொம்மைக் கடையில் என் பெண் ஒரு பொம்மையைத் தட்டிவிட்டாள். 'உடைத்தால் முழு விலை' என்று பலகை இருந்தது.

பலகை சட்டமாகிவிடாது. ஆனால் உடையும் பொருள் நிறைந்த கடைக்குள் குழந்தையைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்திருக்க வேண்டியது நீங்கள்தான். பொம்மை நடைபாதை ஓரத்தில், குழந்தை உயரத்தில், சாய்ந்து நின்றது என்றால் கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு, தொகையைக் குறைத்துப் பேசலாம். அந்த மண் பொம்மைகளைக் கையால் செய்து, காயவைத்து, சூளையில் சுட்டு எடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேரம் பேசத் தோன்றாது.

வாடகை வீட்டுச் சுவரைப் பிள்ளைகள் பாழாக்கிவிட்டார்கள்.

இங்கே பிள்ளை யார் என்பதே கேள்வியில்லை. ஒப்பந்தம் போட்டது நீங்கள், வீட்டை ஒப்படைக்க வேண்டியதும் நீங்கள். அட்வான்சில் பிடிப்பார்கள். சாதாரணப் புழக்கத்தில் மங்கிய சுண்ணாம்புக்குப் பிடிக்கக் கூடாது, கிரேயான் கிறுக்கலுக்கும் உடைந்த வாஷ்பேசினுக்கும் பிடிக்கலாம்.

பிள்ளை ஆயா (பாட்டி) வீட்டில் இருந்தபோது நடந்தது. நாங்கள் ஊரிலேயே இல்லை.

அந்த நேரத்தில் யார் பொறுப்பில் பிள்ளை இருந்ததோ அவருடைய கவனம்தான் கேள்வி. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலும் இதே கணக்கு. எழுபது வயது ஆயாவை வழக்குக்கு இழுப்பதைவிட, நீங்களே முன்வந்து கொடுப்பதுதான் முறை.

எங்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. அங்கே பெற்றோர்தான் கட்ட வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், பிரான்சின் சிவில் சட்டம் அப்படித்தான். மைனர் பிள்ளை செய்த சேதத்துக்கு அம்மா, அப்பா இருவரும் பொறுப்பு, அவர்கள் கவனமாக இருந்தார்களா என்ற கேள்விகூட வராது. அதனால்தான் அங்கே வீட்டு இன்சூரன்சோடு இந்தப் பொறுப்புக்கும் சேர்த்து எடுத்துவைக்கிறார்கள். புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்) பிள்ளைகள் விடுமுறைக்குப் பாரிசிலிருந்து வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. முத்தியால்பேட்டையில் உடைந்த கண்ணாடிக்கு வழக்கு என்று வந்தால் போகும் இடம் புதுச்சேரி நீதிமன்றம்தான். அங்கே எடுத்த இன்சூரன்ஸ் வெளிநாட்டில் நடந்ததற்கும் செல்லுமா என்று பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் உண்டு.

மீனவ கிராமத்தில் ஊர்ப் பஞ்சாயத்து தொகை போட்டால் கட்டாயமா?

காயப்போட்ட வலைமேல் பிள்ளைகள் நெருப்பு வைத்து விளையாடி எரிந்தது என்றால் அது சின்ன நஷ்டமில்லை. ஒரு குடும்பத்தின் தொழிலே நின்றுபோகும். வலையின் விலை, எத்தனை நாள் கடலுக்குப் போக முடியாது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் மனமொத்து முடித்துக்கொள்வதில் தவறில்லை, அதையும் எழுதி வாங்குங்கள். ஆனால் ஊர் போடும் தொகை நீதிமன்ற உத்தரவு அல்ல. கட்டவில்லை என்று ஒதுக்கிவைப்பதும், கடலுக்குப் போகவிடாமல் தடுப்பதும் சட்டவிரோதம்.

ரயில்மேல் கல்லெறிந்த விளையாட்டு?

அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரயில்வே சட்டம் 153ஆம் பிரிவில் பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பதற்கு ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. பிள்ளையென்றால் இளைஞர் நீதிக் குழுமம். தண்டவாளத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் பிள்ளைகளிடம் இதை இன்றே பேசுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண் போய்விட்டால் அதை எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது.

பேசிப் பார்த்தும் முடியவில்லை. வழக்குப் போடுவதற்கு முன் வேறு வழி உண்டா?

உண்டு, அதைத்தான் முதலில் முயல வேண்டும். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், புதுச்சேரியில் யூனியன் பிரதேசச் சட்டப் பணிகள் ஆணையத்திலும் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் அழைத்து லோக் அதாலத்தில் பேசவைப்பார்கள். அங்கே உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டணமும் இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

போகும்போது சேதத்தின் படங்கள், கடைக்காரர் தந்த மதிப்பீடு அல்லது பில், காரென்றால் இன்சூரன்ஸ் பாலிசி நகல், இருவரும் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செய்திகளை அழிக்காமல் அந்த போனிலேயே வைத்திருங்கள். சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு தானாக நீளாது.